பயன்படுத்திய கைவினைப் பொருட்களை வீட்டுக்குத் தேர்ந்து வாங்குதல்: முழுமையான வழிகாட்டி

பிறர் பயன்படுத்தி விற்கும் கைவினைப் பொருட்களை வாங்கத் தொடங்குபவர்கள் ரசனையில் தவறுவது குறைவு, வரிசையில்தான் தவறுகிறார்கள். அழகு கண்ணில் பட்டதும் விலை பேசிவிடுகிறார்கள், பணம் கொடுத்த பிறகு புரட்டிப் பார்க்கிறார்கள், வீட்டுக்குள் வைத்துச் சில வாரங்கள் கழித்தே அடியில் மரத்தூள் கொட்டுவதைக் கவனிக்கிறார்கள். இங்கே சொல்லப்படும் சோதனைகள் எதுவும் கடினமானதல்ல. அவற்றைப் பணம் கைமாறுவதற்கு முன் செய்கிறோமா, பின் செய்கிறோமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆகவே படிகளை அவை தரப்பட்டுள்ள வரிசையிலேயே பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. பொருளின் பெயரை அல்ல, அது செய்யவேண்டிய வேலையை எழுதுங்கள்

"அழகான பழைய பெட்டி ஒன்று வேண்டும்" என்று புறப்பட்டால் அழகான பெட்டிகள் கிடைக்கும். ஆனால் அவற்றுக்கு வீட்டில் வேலை இருக்காது. மாறாக, "வாசலருகே சாவிகளையும் மூக்குக்கண்ணாடியையும் போட்டுவைக்க", "படுக்கையருகே போர்வைகளை மடித்து வைக்க", "மேசையோரம் கிடக்கும் காகிதங்களை ஒதுக்க" என்று அந்தப் பொருள் நாள்தோறும் செய்யவேண்டிய வேலையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்குக் காரணம் உண்டு. புதுப் பொருள் விற்கும் கடையில் நினைத்த பொருள் நினைத்த நாளில் கிடைக்கும். பயன்படுத்திய பொருட்களில் அப்படி இல்லை. சாவி வைக்கக் கடைந்த மரக்கிண்ணம் போதும், பித்தளைத் தட்டு போதும், சிறு கூடையும் போதும். வேலையை மனத்தில் வைத்திருப்பவருக்கு இந்த மூன்றில் ஒன்று விரைவில் அகப்படும்; பெயரை மட்டும் மனத்தில் வைத்திருப்பவர் மாதக்கணக்கில் காத்திருந்து, பொறுமையிழந்து, ஏதோ ஒன்றை வாங்கி வருவார்.

அதே தாளில், எந்த இடத்துக்கு எந்தப் பொருள் ஆகாது என்பதையும் எழுதுங்கள். ஈரம் தங்கும் குளியலறைக்குப் பின்னல் கூடையும் இரும்பும் ஆகா. வெயில் நேரே விழும் சன்னலுக்குச் சாயமிட்ட துணி ஆகாது. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குப் பெயின்ட் உரியும் பழைய மரச்சாமான் ஆகவே ஆகாது. அந்தப் பெயின்ட்டில் நச்சான ஈயம் (காரீயம்) இருக்கக்கூடும். ஐந்து வேலைகளுக்கு மேல் பட்டியல் நீண்டால், எதைத் தேடுகிறோம் என்பது தேடும் இடத்தில் நினைவுக்கு வராது.

2. அளவுகளையும் கருவிகளையும் முன்கூட்டியே தயார் செய்யுங்கள்

பொருள் அமரப்போகும் இடத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அத்துடன் நிற்காமல் வாசற்கதவின் அகலம், மாடிப்படியின் திருப்பம், மின்தூக்கி இருந்தால் அதன் உட்பக்கம் ஆகியவற்றையும் அளந்துவையுங்கள். இடத்துக்குப் பொருந்தும் அலமாரி அந்த இடத்துக்குப் போகும் வழியில் பொருந்தாமல் போவது அடிக்கடி நடப்பது. பழைய மரவேலைகள் பலவற்றைக் கழற்றிப் பூட்ட முடியாது என்பதால், புதிய அலமாரிகளுக்கு இருக்கும் அந்த மாற்றுவழி இங்கே கிடையாது.

பையில் அளவுநாடா, சிறு காந்தம், டார்ச், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், வெள்ளைப் பருத்தித் துணித் துண்டு ஒன்று, வெள்ளைத் தாள் ஒன்று, வாய் கட்டக்கூடிய பெரிய பிளாஸ்டிக் பைகள் சில ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் எதற்கென்று நான்காம் படியிலும் எட்டாம் படியிலும் தெரியும். கடைகளின் வெளிச்சம் பொதுவாக மங்கலாகவோ மஞ்சளாகவோ இருப்பதால், டார்ச் இல்லாமல் போவதைவிடப் போகாமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து.

3. தேடும் இடத்தையும் தேடும் சொல்லையும் மாற்றிப் பாருங்கள்

நேரில் தேடுவதற்கு அறக்கட்டளைகள் நடத்தும் கடைகள், வாரச் சந்தைகள், ஏலங்கள், வீடு காலி செய்வோர் நடத்தும் விற்பனைகள், இடிக்கப்படும் கட்டடங்களின் மரமும் இரும்பும் சேரும் கிடங்குகள் ஆகியவை உள்ளன. இவற்றுள் புதியவர்கள் முதலில் போகவேண்டியது, வீடு காலி செய்யும் விற்பனைகளுக்கு. அங்கே பொருள் எப்படிப் பயன்படுத்தப்பட்டது, எந்த அறையில் இருந்தது, யார் செய்தது என்பதைச் சொல்லக்கூடியவர் பக்கத்திலேயே இருப்பார். அலங்காரப் பழம்பொருள் கடைகளைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுக்கும் உழைப்பை அவர்கள் உங்களுக்காகச் செய்துவிட்டதால், அதற்கான விலையையும் சேர்த்தே கேட்பார்கள்.

இணையத்தில் தேடும்போது புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, சரியான சொல்லைப் போட்டுத் தேடுவது. "கைத்தறி", "கையால் வனைந்தது" என்று எழுதி விற்பவருக்குத் தன் பொருளின் மதிப்பு தெரியும். விலையும் அதற்கேற்ப இருக்கும். தன்னிடம் இருப்பது என்னவென்று அறியாதவர் அதைப் "பழைய போர்வை", "பூச்சாடி", "மரத்தட்டு", "வீடு மாறுகிறோம், எல்லாம் விற்பனைக்கு" என்றுதான் எழுதுவார். ஆகவே பொதுவான சொற்களாலும், எழுத்துப்பிழையான வடிவங்களாலும், பொருள் செய்யப்பட்ட மூலப்பொருளின் பெயராலும் தேடுங்கள். ஒருவர் சோபாவை விற்பதற்காக எடுத்த படத்தின் பின்னணியில், அவர் இன்னும் பட்டியலிடாத நல்ல கூடையோ விளக்கோ இருப்பதுண்டு. அதையும் விற்கிறாரா என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை.

படத்தை மட்டும் பார்த்து வாங்க நேர்ந்தால், பணம் அனுப்பும் முன் நான்கு படங்களைக் கேளுங்கள்: அடிப்பக்கம், பின்பக்கம், மிக மோசமான பழுது, பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்தது. "பழுது ஏதும் உண்டா?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில் எளிதாக வரும். "இதில் இருக்கும் மோசமான இடத்தைப் படமெடுத்து அனுப்புங்கள்" என்று கேட்டால், விற்பவர் தானே பொருளைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும். அடிப்பக்கப் படத்தைத் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

4. முகப்பைப் பார்க்கும் முன் முதுகைப் பாருங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். எந்தப் பொருளானாலும் அதன் முகப்பு, பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டது. இயந்திரமும் அதை நன்றாகவே போலி செய்யும். அடியும் முதுகும் உட்புறமும் பார்க்கப்படாதவை என்பதால், செய்தவரின் கருவி அங்கே தன் தடத்தை விட்டிருக்கும். அழகு என்று மனம் முடிவு செய்துவிட்டால் கண் பழுதைப் பார்க்க மறுக்கும். அதனால்தான் முதுகு முதலில்.

மரச்சாமான்: இழுப்பறையை முழுவதுமாக வெளியே எடுத்து அதன் மூலைகளைப் பாருங்கள். புறாவின் விரித்த வால்போல் பலகைகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தால், அந்தக் கோப்புகளின் அகலத்தை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். கையால் வெட்டியவை சிறிது வேறுபடும். வெட்டும் முன் தச்சர் கீறிய மெல்லிய அளவுக்கோடும் பெரும்பாலும் அங்கே இருக்கும். இயந்திரம் வெட்டியவை எல்லாம் ஒரே அச்சாக இருக்கும். பிறகு இழுப்பறையின் அடிப்பலகையைக் கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியால் தடவுங்கள். கை இழைப்புளி பட்ட பலகையில் மெல்லிய அலைபோன்ற மேடுபள்ளம் தட்டுப்படும்.

வட்டமான மேசைப்பலகை, கடைந்த கிண்ணம் ஆகியவற்றின் விட்டத்தை இரு திசைகளில் அளந்து பாருங்கள். மரம் தன் நாரின் நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை. குறுக்குவாக்கில் ஆண்டுகள் செல்லச்செல்லச் சுருங்கும். ஆகவே முழு மரத்தில் செய்த பழைய வட்டம் சிறிது நீள்வட்டமாகியிருக்கும். மிகப் பழையது என்று சொல்லப்படும் பலகை எல்லாப் பக்கமும் துல்லியமான வட்டமாக இருந்தால், அது ப்ளைவுட்டாகவோ புதியதாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். திருகாணிகளையும் பாருங்கள்: தலையில் கூட்டல்குறி வெட்டுள்ள திருகாணிகள் 1930களில்தான் பரவத் தொடங்கின. ஒன்றிரண்டு பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம்; எல்லாமே அப்படியிருந்தால் சொல்லப்படும் வயதை நம்ப வேண்டாம்.

சிறு துளைகள் தெரிந்தால் அந்த இடத்துக்குக் கீழே வெள்ளைத் தாளை விரித்து, மரத்தை விரல்முட்டியால் தட்டுங்கள். 1 முதல் 3 மில்லிமீட்டர் அகலமுள்ள துளைகள் மரத்தை அரிக்கும் வண்டுகள் வெளியேறிய வழிகள். துளையின் உட்புறம் மரத்தின் வெளிநிறத்துக்கே கறுத்திருந்து, தாளில் எதுவும் விழாவிட்டால் அது பழைய கதையாக இருக்கலாம். உட்புறம் புதிய மரம்போல் வெளுத்திருந்து, மாவுபோன்ற தூள் விழுந்தால், பூச்சி இன்னும் உள்ளே வாழ்கிறது என்று கொண்டு விலகிவிடுங்கள். அது உங்கள் வீட்டிலுள்ள மற்ற மரத்துக்கும் பரவும்.

மண்பாண்டமும் பீங்கானும்: கவிழ்த்து அடியைப் பாருங்கள். சக்கரத்தில் வனைந்த பாண்டத்தைச் சக்கரத்திலிருந்து கம்பியால் அறுத்தெடுத்த வளைகோடுகள் சிலவற்றின் அடியில் இருக்கும். மற்றவற்றில் அடியைச் செதுக்கிச் சீராக்கிய வட்டத் தடங்கள் இருக்கும். உள்ளே விரலைவிட்டால், விரல்கள் மண்ணை மேலே இழுத்த சுருள்மேடு தட்டுப்படும். அச்சில் வார்த்த பாண்டத்தில் எதிரெதிர்ப் பக்கங்களில் மெல்லிய நேர்கோடு ஓடும். ஓவியத்தைக் கைலென்ஸில் பாருங்கள்: தூரிகை வரைந்த கோடு தொடங்குமிடத்தில் தடித்து, முடியுமிடத்தில் மெலிந்து, நிறம் அடர்ந்தும் நீர்த்தும் இருக்கும், அச்சிட்டு ஒட்டிய படம் நுண்புள்ளிகளாகப் பிரிந்து தெரியும்.

அடுத்து, பாண்டத்தை விரல்நுனிகளில் தாங்கி, மறுகையின் விரல்முட்டியால் மெல்லத் தட்டுங்கள். உயர்வெப்பத்தில் சுட்ட முழுப் பாண்டம் கணீரென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் ஒலி மழுங்கும். தாழ்வெப்பத்தில் சுட்ட மண் இயல்பாகவே மந்தமாக ஒலிக்கும் என்பதால், அதில் டார்ச்சை உள்ளே வைத்து விரிசலைத் தேடுவதே சரியான முறை.

கண்ணாடிப் பாத்திரம்: வாயால் ஊதிச் செய்தவற்றின் அடி நடுவில், பிடித்திருந்த கம்பியை முறித்தெடுத்த வடுவோ அதைத் தேய்த்து நிரவிய சிறுகுழியோ பெரும்பாலும் இருக்கும். கழுத்திலிருந்து அடிவரை இறங்கும் இணைப்புக்கோடு அச்சு வார்ப்பைக் காட்டும். உட்புறம் பால்போல் மங்கியிருந்தால் அதைக் கழுவிப் போக்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் கண்ணாடியின் பரப்பே அரிக்கப்பட்டிருக்கும்.

துணியும் கம்பளமும்: கம்பளத்தின் ஒரு மூலையை மடித்து முதுகைப் பாருங்கள். கையால் முடிச்சிட்ட கம்பளத்தில் முன்பக்க வடிவம் பின்பக்கத்திலும் ஏறக்குறைய அதே தெளிவோடு இருக்கும். ஓரக் குஞ்சம் தனியாகத் தைக்கப்படாமல், நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் தொடர்ச்சியாகவே வெளிவரும். முதுகில் வேறொரு துணி ஒட்டப்பட்டிருந்தால், அது துப்பாக்கி போன்ற கருவியால் நூலைக் குத்தி, பசையால் நிறுத்திய வகை. அந்தப் பசை காலப்போக்கில் பொடியாக உதிரும் என்பதால் இரண்டாம் கையாக அதை வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை.

நெய்த துணியில் நீளவாக்கு ஓரத்தைப் பாருங்கள். நாடா (குறுக்கு நூலை இருபுறமும் கொண்டுசெல்லும் தறிக்கருவி) ஓடி நெய்த துணியில் ஊடைநூல், அதாவது குறுக்கு நூல், ஓரத்தில் திரும்பி மீண்டும் உள்ளே போகும். நாடா இல்லாத நவீன விசைத்தறிகளில் அது ஓரத்தில் வெட்டப்பட்டுப் பிசிறாகவோ உள்ளே மடிக்கப்பட்டோ இருக்கும். இந்த ஓரச் சோதனை நாடாவைப் பற்றி மட்டுமே சொல்லும். பழைய விசைத்தறிகளிலும் நாடா உண்டு. எனவே ஊடை இழைகளின் நெருக்கம் இடத்துக்கிடம் சிறிது மாறுகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தே கைத்தறி என்று முடிவு செய்யுங்கள்.

பூத்தையலைத் திருப்பினால், கையால் தைத்ததில் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நூல் தாவிச்சென்ற தடமும், நூலை முடித்த இடங்களும் தெரியும். இயந்திரத் தையலின் முதுகில் வேறொரு மெல்லிய நூல் சீராக ஓடும். பழைய துணியில் கறுப்பும் கரும்பழுப்புமான இடங்களைத் தனியாகச் சோதியுங்கள். இரும்புச் சத்து சேர்த்து ஏற்றிய கருஞ்சாயம் ஆண்டுகள் செல்ல இழையையே அரித்துவிடும். மற்ற நிறங்கள் உறுதியாக இருக்கும்போதே கறுப்பு மட்டும் பொடிந்து உதிரும். சாயம் ஒட்டுகிறதா என்று அறிய, வெள்ளைத் துணித்துண்டை நனைத்துப் பிழிந்து, ஓரத்தில் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள்.

உலோகம்: காந்தத்தை வையுங்கள். செம்பும் பித்தளையும் வெண்கலமும் காந்தத்தில் ஒட்டா. ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. ஒட்டவில்லை என்பதாலேயே பித்தளை என்று முடிவு செய்துவிடவும் கூடாது, ஏனெனில் துத்தநாகக் கலவையின்மேல் முலாம் பூசினாலும் காந்தம் ஒட்டாது. அடியில் தேய்ந்த இடத்தையும் விளிம்பையும் பாருங்கள். அங்கே சாம்பல்நிறம் எட்டிப்பார்த்தால் மேலுள்ளது முலாம்தான். கையால் தட்டிய பாத்திரத்தின் சுத்தியல் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அளவில் மாறி இருக்கும். அச்சில் அழுத்திய போலித்தடங்கள் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும்.

கூடை: கைப்பிடி உடலோடு சேரும் இடத்தையும் அடிவிளிம்பையும் மட்டும் கவனமாகப் பாருங்கள், கூடைகள் முதலில் விட்டுப்போவது அங்கேதான். மெல்ல அழுத்தும்போது வளைந்துகொடுத்தால் நல்லது, நொறுங்கும் ஒலி கேட்டால் நார் உலர்ந்து இறந்துவிட்டது. உள்ளே முகர்ந்து பார்க்கவும் மறக்காதீர்கள்.

5. பழுதை மூன்றாகப் பிரியுங்கள்

பயன்படுத்திய பொருளில் பழுது இருந்தே தீரும். அது தேய்மானமா, சரிசெய்யக்கூடியதா, பொருளை முடித்துவிடக்கூடியதா என்று பிரித்தறிந்த பிறகே முடிவெடுங்கள்.

கைப்பிடியில் மழமழப்பு, பலகையில் மெல்லிய கீறல், பித்தளையில் கருமை, போர்வையில் சீரான நிறமங்கல் ஆகியவை தேய்மானம். இவற்றைக் குறை என்று கருதத் தேவையில்லை. கூடுமானவரை அப்படியே விட்டுவிடுவதே பொருளுக்கு நல்லது.

ஆடும் நாற்காலிக் கால், பிரிந்த பசை, அவிழ்ந்த ஓரத்தையல், இறுகிப்போன இழுப்பறை ஆகியவை சரிசெய்யக்கூடியவை. நாற்காலியைக் கையால் மூலைக்கு மூலை அழுத்திப் பாருங்கள். கழுந்து (துளைக்குள் நுழைந்து பொருந்தும் மரமுனை) துளைக்குள் ஆடினால் பசையிட்டு இறுக்கலாம். கழுந்தே முறிந்திருந்தால் புதிய கழுந்து பொருத்தத் தச்சர் தேவைப்படுவார். முன்பு யாராவது ஒட்டியிருக்கிறார்களா என்பதும் முக்கியம். விலங்குத் தோலிலிருந்து எடுத்த பழைய பசை வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் இளகும், ஆகவே மூட்டைப் பிரித்துச் செப்பனிடலாம்; எபாக்ஸி என்னும் செயற்கைப் பசை கொண்டு ஒட்டியிருந்தால் மூட்டைச் சிதைக்காமல் பிரிப்பது அரிது.

உயிருள்ள பூச்சி, உள்ளே ஊறிய பூசணம், கை பட்டாலே கிழியும் இழை, தாங்குமிடத்தில் ஓடும் விரிசல் ஆகியவை முடிவானவை. "வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்" என்று இவற்றை வாங்கியவர்கள் பிறகு தூக்கியெறிந்ததைத்தான் பார்த்திருக்கிறேன். சரிசெய்யக்கூடியவற்றிலும், செப்பனிடத் தெரிந்தவர் யாரென்று முன்பே அறிந்தால் மட்டும் வாங்குங்கள். இல்லாவிட்டால் பொருள் மூலையில் கிடந்து இடத்தை அடைக்கும்.

6. உணவு படும் பொருட்களுக்குத் தனி அளவுகோல்

இதில் சலுகை காட்ட வேண்டாம். பழைய மண்பாண்டங்களின் பளபளப்பான மேற்பூச்சிலும் வண்ணத்திலும் ஈயம் இருக்கக்கூடும். புளிப்பான உணவும் சூடான உணவும் அதைக் கரைத்தெடுக்கும். வீட்டில் தேய்த்துப் பார்க்கும் சோதனைக் குச்சிகள் ஈயம் இருப்பதைக் காட்டினால் நம்பலாம். இல்லை என்று காட்டுவதை உறுதியாகக் கொள்ள முடியாது, ஏனெனில் அவை பரப்பில் எளிதாக ஒட்டுவதை மட்டுமே காண்கின்றன. எப்போது, எங்கே, எந்தப் பூச்சில் செய்தது என்று தெரியாத பாண்டத்தைப் பூ வைக்கவும் எழுதுகோல் வைக்கவும் பயன்படுத்துங்கள். பசையால் ஒட்டிய கிண்ணத்துக்கும் இதுவே விதி.

செம்பு, பித்தளைச் சமையல் பாத்திரத்தின் உட்பூச்சு முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே செம்புநிறம் வெளிப்பட்டிருந்தால் மீண்டும் பூச்சு ஏற்றிய பிறகே சமைக்க வேண்டும். ஏற்றுபவரிடம் தூய வெள்ளீயம்தானா, காரீயம் கலந்ததா என்பதைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். வெள்ளீயம் 232 பாகை செல்சியஸில் உருகிவிடும் என்பதால், அத்தகைய பாத்திரத்தை வெறுமையாக அடுப்பில் சூடேற்றவே கூடாது.

7. வாங்கக் கூடாதவற்றை அறிந்துவையுங்கள்

யானைத் தந்தம், கடலாமை ஓடு ஆகியவற்றில் செய்த பொருட்கள் பழையவை என்பதாலேயே சட்டபூர்வமானவை ஆகிவிடா. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகம் பற்றி 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டீஸ் உடன்படிக்கை இவற்றின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்துகிறது. பல நாடுகளில் உள்நாட்டு விற்பனைக்கும் தடை உண்டு. ஈட்டி மரம் உள்ளிட்ட டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் அதே உடன்படிக்கையின் கீழ் உள்ளது; அந்த மரத்தில் செய்ததை எல்லை தாண்டி அனுப்பவோ வரவழைக்கவோ எண்ணினால் அனுமதி தேவையா என்று முதலில் விசாரியுங்கள்.

வழிபாட்டிடத்திலிருந்தோ அகழாய்வு மண்ணிலிருந்தோ பெயர்த்தெடுத்ததாகத் தோன்றும் எதையும், எங்கிருந்து வந்தது என்ற ஆவணம் இல்லாமல் தொடாதீர்கள். சிலையின் அடியில் புதிதாக உடைத்த தடம் இருந்தால், அதுவே போதுமான எச்சரிக்கை.

8. விலை பேசுதலும் வீட்டுக்குள் அனுமதித்தலும்

மேற்கண்ட சோதனைகள் முடிந்த பிறகே விலையைக் கேளுங்கள். ஒப்பிடும்போது பிறர் கேட்கும் விலையை விட்டுவிட்டு, அதைப் போன்ற பொருள் உண்மையில் விற்றுமுடிந்த விலையைப் பாருங்கள். கேட்கும் விலை ஒருவரின் விருப்பம் மட்டுமே. செப்பனிடும் கூலியையும் கொண்டுவரும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஏலத்தில் வென்ற தொகையின்மேல் ஏல நிறுவனம் தனக்கென ஒரு விழுக்காடு சேர்ப்பது வழக்கம். கையுயர்த்தும் முன் அதைக் கேட்டறியுங்கள். விலையைக் குறைக்கச் சொல்வதானால், நீங்கள் கண்ட பழுதைக் காட்டிக் கேளுங்கள். செய்தவரே விற்கிறார் என்றால் பேரம் வேண்டாம். அந்தத் தொகையில் அவருடைய உழைப்புநேரம் ஏற்கெனவே குறைத்துக் கணக்கிடப்பட்டிருக்கும்.

வாங்கிய பொருளை நேராக அறைக்குள் கொண்டுபோவது, புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. துணி, கம்பளம், மெத்தை தைத்த நாற்காலி, கூடை ஆகியவற்றைக் கடையிலேயே பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துவாருங்கள். மூட்டைப்பூச்சியும் அந்துப்பூச்சியும் வருவது இந்த வழியில்தான். சூடு தாங்கும் துணியை உலர்த்தும் இயந்திரத்தில் உயர்வெப்பத்தில் 30 நிமிடம் வைத்தால் மூட்டைப்பூச்சியும் அதன் முட்டையும் மடியும். சூடு தாங்காத கம்பளியையும் பட்டையும் பையில் காற்றுப்புகாமல் கட்டி, -18 பாகை செல்சியஸ் உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையை அவிழ்க்காதீர்கள். பொருள் அறைவெப்பத்துக்கு வருவதற்குள் அவிழ்த்தால் காற்றின் ஈரம் அதன்மேல் படியும்.

மரச்சாமானைச் சில வாரங்கள் மற்ற மரத்திலிருந்து தள்ளி, அடியில் வெள்ளைத் தாள் விரித்து வையுங்கள். தாள் சுத்தமாகவே இருந்தால் உள்ளே கொண்டுவரலாம். பழைய மின்விளக்கைப் புதிய கம்பி போடாமல் சொருகிப் பார்க்கவும் வேண்டாம்; காப்புறை உலர்ந்து வெடித்திருப்பது வெளியே தெரியாது.

9. குறைவாகச் சுத்தம் செய்யுங்கள்

சுத்தம் செய்வதில் கெட்ட பொருட்களே, தேய்ந்து கெட்டவற்றைவிட அதிகம் என் கண்ணில் பட்டிருக்கின்றன. எப்போதும் மெல்லிய முறையில் தொடங்குங்கள்: முதலில் மென்தூரிகை, அடுத்து நன்றாகப் பிழிந்த ஈரத்துணி, அதற்கும் போகாவிட்டால் மென்சோப்புக் கரைசல். ஒவ்வொன்றையும் கண்ணில் படாத இடத்தில் முதலில் செய்து பார்த்து, ஒரு நாள் விட்டு, மாற்றம் இல்லையென்றால் தொடருங்கள்.

மரத்தை நீரில் மூழ்கவிடக் கூடாது. மூட்டுகள் ஊதிப் பின் சுருங்கும்போது பசை விட்டுவிடும். பழைய பெயின்ட்டை உலர்வாக உப்புத்தாள் கொண்டு தேய்க்காதீர்கள், அந்தத் தூசியில் ஈயம் இருக்கக்கூடும். ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டிப் போடவே கூடாது. எண்ணெய் காற்றோடு வினைபுரியும் சூட்டில் அது தானாகவே தீப்பற்றும். வெளியில் விரித்து முழுவதும் உலர்ந்த பிறகே அப்புறப்படுத்துங்கள். இறுகிய இழுப்பறைக்கு எண்ணெய் வேண்டாம். ஓடும் விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும்.

பித்தளையைப் புளிப்புக் கரைசலில் ஊறவைத்தால் துத்தநாகம் கரைந்து, பரப்பில் செம்பின் இளஞ்சிவப்பு தங்கிவிடும். பச்சைக் களிம்பை மட்டும் நீக்குங்கள், ஏனெனில் அது தொடர்ந்து அரிக்கும்; பழுப்பும் கருமையும் உலோகத்தைக் காக்கும் படலம், அதை விட்டுவிடலாம். பழைய துணியைத் துவைக்கும் முன் சாயச் சோதனையை மீண்டும் செய்து, தட்டையாக விரித்து நனைத்து, தட்டையாகவே உலர்த்துங்கள். நனைந்த துணி தன் எடையாலேயே கிழியும்.

10. வேலையில் அமர்த்திக் கவனியுங்கள்

முதல் படியில் எழுதிய வேலையை அந்தப் பொருளுக்கு உடனே கொடுங்கள். குளிரூட்டியின் காற்று நேரே படும் இடமும், சூடேற்றும் கருவிக்கு அருகில் உள்ள இடமும் மரத்துக்கும் கூடைக்கும் ஆகா. ஈரம் விரைந்து குறைந்தால் பலகை வெடிக்கும். மண்பாண்டத்தில் பூ வைப்பதானால், முதலில் நீர் நிரப்பித் தாளின்மேல் ஓரிரவு வைத்துக் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் உள்ளே கண்ணாடிக் குவளை ஒன்றை வைத்துப் பயன்படுத்தலாம்.

ஒரு மாதத்துக்குப் பிறகு பொருள் அந்த வேலையைச் செய்யாமல் வெறுமனே நின்றால், வேறு இடத்தில் வேறு வேலை கொடுத்துப் பாருங்கள். அங்கும் அமராவிட்டால், அதன் அளவு, மூலப்பொருள், நீங்கள் செய்த சோதனைகள், எஞ்சியிருக்கும் பழுது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அடிப்பக்கப் படத்தோடு விற்பனைக்கு வையுங்கள். அடுத்து வாங்குபவர் நான்காம் படியைத் தொடக்கத்திலிருந்து செய்யவேண்டிய உழைப்பு அதனால் பாதியாகக் குறையும்.